இஸ்திரிப் பலகையைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு பட்டியலின் மீது சில புகார்கள்

ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதம் பிறந்தால் அந்தப் பட்டியலும் கூடவே வந்துவிடும். "நாம் தினமும் பயன்படுத்தும் இந்தப் பத்துப் பொருட்களைக் கண்டுபிடித்தது பெண்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?" வாட்ஸ்அப்பில் வரும், இதழ்களின் இணைப்பில் வரும், பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையில் யாராவது மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பெயர்களும் அநேகமாக அதேதான். காகிதப் பை, மார்கரெட் நைட், 1871. பாத்திரம் கழுவும் இயந்திரம், ஜோசஃபின் காக்ரன், 1886. இஸ்திரிப் பலகை, சாரா பூன், 1892. கார் வைப்பர், மேரி ஆண்டர்சன், 1903. ஆளுக்கு இரண்டு வரி, ஒரு பழைய புகைப்படம், அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலை நான் கொஞ்ச காலமாகவே குறிப்பெடுத்துக்கொண்டு படித்து வருகிறேன். பட்டியலில் இருக்கும் பெயர்களும் வருஷங்களும் பெரும்பாலும் சரி. அந்தக் காப்புரிமைகளும் (பேட்டன்ட் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது) உண்மையிலேயே இருக்கின்றன. அப்புறம் என்ன புகார்? அந்த ஒரே ஒரு வினைச்சொல்தான். "கண்டுபிடித்தார்."

இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதை அந்தச் சொல் தப்பாகச் சொல்கிறது. அதைவிட மோசம், அவர்கள் உண்மையில் செய்த காரியத்தை அது மூடி மறைக்கிறது. பெண்களைப் பாராட்டுவது அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. பாராட்டு வேறு எதற்கோ போய்ச் சேர்கிறது என்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாரா பூனும் சட்டைக் கையும்

பட்டியல் சொல்வது: "இஸ்திரிப் பலகையைக் கண்டுபிடித்தவர் சாரா பூன் என்ற கறுப்பினப் பெண்மணி."

இதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் இணையத்தில் ஐந்து நிமிஷம் தேடினால் போதும், 1858-இலேயே நியூயார்க்கில் வேண்டன்பர்க், ஹார்வி என்ற இருவர் இஸ்திரி மேசைக்குக் காப்புரிமை வாங்கியிருப்பது கிடைத்துவிடும். பூனுக்கு 34 வருஷம் முன்னால். உடனே கீழே ஒரு பின்னூட்டம் விழும்: "பாத்தீங்களா, எல்லாம் கட்டுக்கதை. இல்லாத பெருமையை இவங்க தலையில் கட்டுறாங்க." பட்டியல் போட்டவர் வாயடைத்துப் போவார். சாரா பூன் கணக்கிலிருந்து காணாமல் போவார். இந்த விவாதத்தை நான் வெவ்வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன், முடிவு எப்போதும் ஒன்றுதான்.

ரெண்டு பேருமே ஒரு வேலையைச் செய்யவில்லை. பூனின் காப்புரிமையை எடுத்துப் படிக்கவில்லை. எண் 473653. சில பக்கங்கள்தான், படமும் உண்டு. தான் இஸ்திரிப் பலகையைக் கண்டுபிடித்ததாக பூன் அதில் எங்கேயும் சொல்லவில்லை. மலிவான, எளிமையான, வசதியான ஒரு சாதனம், குறிப்பாகப் பெண்களின் உடையில் கைப் பகுதியையும் உடல் பகுதியையும் இஸ்திரி போடுவதற்கு ஏற்றது, இதுதான் அவர் சொல்லும் நோக்கம்.

ஏன் கைப் பகுதி? அந்தக் காலத்து உடையை நினைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பெண்கள் அணிந்த மேலாடை உடம்போடு ஒட்டித் தைக்கப்பட்டது. கை நேரான குழாய் கிடையாது. முழங்கை வளைவுக்குத் தகுந்தபடி வளைத்து வெட்டி, உள்பக்கம் ஒரு தையல், வெளிப்பக்கம் ஒரு தையல் என்று மூட்டியிருப்பார்கள். இதை மேசையில் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும்? கை தட்டையாக அமுங்கி, வேண்டாத இடத்தில் கோடு விழும். இரண்டு நாற்காலிக்கு நடுவில் நேர்ப்பலகையைப் போட்டு அதன்மேல் கையை மாட்டித் தேய்த்தாலும் வளைந்த தையல் நேர்ப்பலகையில் உட்காராது.

பூன் வடிவமைத்த பலகை குறுகலானது, வளைந்தது. ஒரு விளிம்பு கையின் உள் தையலின் வளைவுக்கும், மறு விளிம்பு வெளித் தையலின் வளைவுக்கும் பொருந்தும். பலகையைப் புரட்டிப் போட்டுக்கொள்ளலாம், ஆக கையின் இரண்டு பக்கத்தையும் சுருக்கம் விழாமல் தேய்த்துவிடலாம்.

இது யாருக்குத் தோன்றும்? வெள்ளை உடை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றாது. மேசை செய்யும் தச்சருக்கும் தோன்றாது. உடையை வெட்டித் தைத்து, தேய்த்து, வாடிக்கையாளரிடம் சுருக்கமில்லாமல் ஒப்படைக்க வேண்டிய ஒருவருக்குத்தான் தோன்றும். சாரா பூன் 1832-இல் வட கரோலினாவில் அடிமை நிலையில் பிறந்தவர். உள்நாட்டுப் போருக்கு முன்பே குடும்பத்தோடு கனெக்டிகட்டில் உள்ள நியூ ஹேவனுக்கு வந்து சேர்ந்தார். தையல் வேலை செய்தார். காப்புரிமை கிடைக்கும்போது வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வளைந்த பலகைக்குள் இருப்பது பல வருஷத் தொழில் அறிவு. "இஸ்திரிப் பலகையைக் கண்டுபிடித்தார்" என்று சொன்ன கணத்தில் அந்த அறிவு காணாமல் போகிறது, கூடவே வாதத்திலும் தோற்றுப் போகிறோம்.

ஜேம்ஸ் வாட்டுக்கு ஒரு நியாயம்

காப்புரிமை என்றால் என்ன என்பதில் நமக்குப் பொதுவாகவே ஒரு மயக்கம் உண்டு. முன்பு உலகத்தில் இல்லவே இல்லாத பொருளுக்குக் கொடுக்கும் பட்டம் என்று நினைக்கிறோம். இல்லை. இருக்கிற ஒன்றில் புதிதாக, பயனுள்ளதாக என்ன சேர்த்தாய் என்பதற்குத்தான் பெரும்பாலும் அது கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் காப்புரிமைகளில் ஏராளமானவற்றுக்குத் தலைப்பே "இன்ன பொருளில் ஒரு மேம்பாடு" என்றுதான் இருக்கும். ஆவணத்தின் கடைசியில் உரிமைக்கோரல் என்று ஒரு பகுதி வரும். "இந்தப் பொருளில் இந்த அம்சம் மட்டும் என்னுடையது" என்று அங்கேதான் விண்ணப்பதாரர் கோடு கிழிப்பார். ஒரு கண்டுபிடிப்பாளரை மதிப்பிட வேண்டுமானால் படிக்க வேண்டிய இடம் அது.

ஆண்கள் விஷயத்தில் இதை நாம் சர்வ சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறோம். ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் இல்லை. 1712-லேயே தாமஸ் நியூகோமனின் இயந்திரம் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. வாட் செய்தது, நீராவியைக் குளிரவைக்கத் தனியாக ஓர் அறை. 1769-இல் அவர் வாங்கிய காப்புரிமையின் தலைப்பே நீராவியும் எரிபொருளும் செலவாவதைக் குறைக்கும் முறை பற்றியது. யாராவது வாட்டின் பெயரைப் பாடப்புத்தகத்திலிருந்து அடித்தார்களா? தையல் இயந்திரத்தில் எலியஸ் ஹோவின் காப்புரிமை 1846, ஐசக் சிங்கரின் காப்புரிமை 1851. சிங்கரை யாரும் "கட்டுக்கதை" என்று சொல்வதில்லை.

ஆக, மேம்படுத்தியவர் என்ற தகுதி ஆண்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. பெண் என்றால் மட்டும் சூனியத்திலிருந்து படைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இந்த விதியை எதிர்த்தரப்பு மட்டும் கொண்டுவரவில்லை. "கண்டுபிடித்தார், முதன்முதலாக" என்று எழுதும்போது பட்டியலே அதை ஒத்துக்கொள்கிறது. வம்பு வளர்ப்பவருக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுப்பது பட்டியல்தான்.

மார்கரெட் நைட்: பையின் அடிப்பாகம்

பட்டியல் சொல்வது: "காகிதப் பையைக் கண்டுபிடித்தவர் மார்கரெட் நைட்." சில பட்டியல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் பெண்" என்றும் சேர்த்துவிடும்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். கனெக்டிகட்டைச் சேர்ந்த மேரி கீஸ், பட்டோ நூலோ கலந்து வைக்கோல் பின்னும் முறைக்காக 1809-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். தொப்பி செய்வதற்கான முறை அது. நைட் பிறந்ததே 1838-இல்தான்.

இனி பை. காகிதப் பை செய்யும் இயந்திரத்துக்கு 1852-லேயே பென்சில்வேனியாவின் ஃபிரான்சிஸ் வோல் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அந்த இயந்திரத்திலிருந்து வரும் பை தபால் உறை மாதிரி தட்டையானது. அரிசி, சர்க்கரை போட்டால் நிற்காது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் நிரப்ப வேண்டும். அடிப்பாகம் சதுரமாக விரிந்து தானாக நிற்கும் பை வேண்டுமென்றால் ஆள் உட்கார்ந்து கையால் மடித்து ஒட்ட வேண்டும்.

மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு காகிதப் பைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது நைட் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: கை செய்கிற அந்த மடிப்பை இயந்திரம் எப்படிச் செய்யும்? உங்கள் வீட்டில் ஒரு காகிதப் பை இருந்தால் அடிப்பாகத்தைப் பிரித்துப் பாருங்கள். காகிதம் நகர்ந்துகொண்டே இருக்கும்போது குழாயின் வாயைத் திறந்து, இரண்டு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, சரியான நேரத்தில் பசை தடவி அழுத்த வேண்டும். ஒரு மடிப்பு முந்தினாலும் பிந்தினாலும் பை கெட்டுவிடும். இதை ஒழுங்குபடுத்துவதுதான் 1871-இல் அவர் பெற்ற காப்புரிமை, எண் 116842. காப்புரிமை அந்த இயந்திரத்துக்கு, பைக்கு இல்லை. பிறகு 1883-இல் சார்லஸ் ஸ்டில்வெல், பக்கவாட்டில் மடிப்பு வைத்து, தட்டையாக அடுக்கவும் உதறினால் நிற்கவும் கூடிய பையைக் கொண்டுவந்தார். இன்று மளிகைக் கடையில் பார்க்கும் பழுப்புப் பையில் வோல், நைட், ஸ்டில்வெல் மூவரும் இருக்கிறார்கள், இன்னும் சிலரும் இருக்கிறார்கள்.

இந்த வரிசையில் வைத்துச் சொன்னால் நைட் சின்னவராகிவிடுவாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. "பையைக் கண்டுபிடித்தார்" என்பதைவிட "நகரும் காகிதத்தில் அடிப்பாகம் மடிக்க இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்" என்பது எவ்வளவு பெரிய காரியம்!

வழக்குக் கதையும் இப்படித்தான். பாஸ்டன் பட்டறையில் நைட்டின் இயந்திரம் உருவாகிக்கொண்டிருந்தபோது அங்கே அதைப் பார்த்த சார்லஸ் அன்னன் என்பவர் தன் பெயரில் முந்திக்கொண்டு விண்ணப்பித்துவிட்டார். நைட் விடவில்லை. வக்கீல் வைத்துப் போராடி ஜெயித்தார். பட்டியல்கள் இதை ஒரு சினிமா வசனக் காட்சியாக மாற்றிவிடுகின்றன: திமிர் பிடித்த ஆண், பதிலடி கொடுக்கும் பெண். விசாரணையில் ஜெயித்தது வசனம் இல்லை. வரைபடங்கள், நாட்குறிப்பு, மாதிரிகள், வேலையைக் கூடவே பார்த்தவர்களின் சாட்சியம். வேலை நடக்கும்போதே எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்த ஒருவரின் வெற்றி அது. இதிலிருந்து ஒரு பொறியியல் மாணவிக்குக் கிடைக்கும் பாடம் உபயோகமானது, வசனத்திலிருந்து கைதட்டல் மட்டும்தான் கிடைக்கும்.

இன்னொன்று. பட்டியலின் தலைப்பில் இருக்கும் "அன்றாடப் பொருட்கள்" என்ற சொல்லும் இவரைச் சிறை வைக்கிறது. நைட்டுக்கு மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள். அவற்றில் காலணித் தயாரிப்புக்காக வெட்டும் இயந்திரங்கள் இருக்கின்றன, பிற்காலத்தில் சுழல் எஞ்சின்கள் இருக்கின்றன. 1914-இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு சுமார் 275 டாலர். எஞ்சினும் 275 டாலரும் பட்டியலுக்குத் தேவைப்படவில்லை. பை மட்டும் போதும், ஏனென்றால் பை வீட்டில் இருக்கிறது, பெண் என்றால் வீடு.

காக்ரனின் சமையலறையில் யார் இருந்தார்கள்?

ஜோசஃபின் காக்ரன் கதை எல்லாருக்கும் பிடித்த கதை. இலினாய்ஸில் ஷெல்பிவில் என்ற ஊர். வசதியான வீடு, விருந்துகள், பரம்பரையாக வந்த சீனப் பீங்கான் தட்டுகள். வேலைக்காரர்கள் கழுவும்போது தட்டுகள் ஓரம் உடைகின்றன. அம்மா தானே கழுவிப் பார்க்கிறார், அலுத்துப் போகிறது. "யாரும் பாத்திரம் கழுவும் இயந்திரம் செய்யவில்லையென்றால் நானே செய்கிறேன்" என்று கிளம்புகிறார். பட்டியல் இதற்கு வைக்கும் தலைப்பு: "இல்லத்தரசிகளின் சுமையைக் குறைத்த பெண்மணி."

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தக் கதையில் தினமும் பாத்திரம் கழுவியவர்கள் யார்? வேலைக்காரர்கள். அவர்களுக்குக் கதையில் பெயர் இல்லை, தட்டை உடைத்தவர்கள் என்ற வேடம் மட்டும்தான். சுமை குறைய வேண்டும் என்று இயந்திரம் தொடங்கவில்லை, தட்டு உடையக் கூடாது என்று தொடங்கியது. இதைச் சொல்வதால் காக்ரனின் திறமை குறையாது. ஆனால் பெண் விடுதலைக் கதையாக இதைச் சொல்கிறவர்கள், அந்தச் சமையலறையில் இன்னும் சில பேர் இருந்ததை மறந்துவிட்டே சொல்கிறார்கள்.

இங்கேயும் "முதல்" என்பது நிற்காது. 1850-லேயே ஜோயல் ஹௌட்டன் என்பவர் பாத்திரத்தின்மேல் தண்ணீர் தெளிக்கும் மர இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது சரியாக வேலை செய்யவில்லை. காக்ரன் பிடித்த இடம் வேறு. தட்டு, கிண்ணம், சாசர் என்று அளவெடுத்து ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் கம்பித் தட்டிகள். அவற்றை ஒரு சக்கரத்தில் பொருத்தி, செம்புக் கொப்பரைக்குள் சுழலவிட்டு, கீழிருந்து சூடான சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். ஒரு மெக்கானிக்கின் உதவியோடு இதைச் செய்து முடித்தார், அவர் பெயர் ஜார்ஜ் பட்டர்ஸ். இன்றைய இயந்திரத்தைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கம்பித் தட்டிதான்.

கணவர் 1883-இல் கடனை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கியது பிழைப்பாக மாறிய இடம் அது. 1886-இல் காப்புரிமை. யார் வாங்கினார்கள்? இல்லத்தரசிகள் வாங்கவில்லை. அந்த இயந்திரத்துக்கு வேண்டிய அளவு வெந்நீர் சாதாரண வீட்டில் கிடையாது, விலையும் கட்டுப்படியாகாது. வாங்கியவை ஹோட்டல்கள், சிகாகோவின் பால்மர் ஹவுஸ் போன்றவை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் உணவகங்களில் ஓடியது. காக்ரன் 1913-இல் இறந்தார். அவர் கம்பெனியை 1926-இல் ஹோபார்ட் நிறுவனம் வாங்கி, 1949-இல்தான் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்கான இயந்திரத்தை விட்டது. காப்புரிமைக்கும் அதற்கும் இடையில் 63 வருஷம்.

ஆகவே காக்ரன் "வீட்டு வேலையை எளிதாக்கிய குடும்பத் தலைவி" அல்ல. கடனில் மூழ்கிய ஒரு விதவை, தெரியாத ஊரில் ஹோட்டல் மேலாளர்களைத் தனியாகப் போய்ப் பார்த்து இயந்திரம் விற்றுக் கம்பெனி நடத்தினார். இந்த இரண்டாவது காக்ரன் எனக்கு எவ்வளவோ சுவாரஸ்யமானவராகத் தெரிகிறார். பட்டியலுக்கு ஏனோ முதல் காக்ரன்தான் வேண்டியிருக்கிறது.

பட்டியலுக்குள் வர முடியாதவர்கள்

காப்புரிமை எண்ணை வைத்துப் பட்டியல் போடுவதில் இன்னொரு சிக்கல், எண் கிடைக்காதவர்கள் வெளியே நிற்பார்கள். அவர்கள் கொஞ்சம் பேர் இல்லை.

ஆங்கிலேயச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாது, கணவனுக்குள் அவள் அடக்கம். பென்சில்வேனியாவைச் சேர்ந்த சிபில்லா மாஸ்டர்ஸ் மக்காச்சோளத்தைப் பக்குவப்படுத்தும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, அதற்காகக் கடல் தாண்டி லண்டன் போனார். 1715-இல் அரசர் முதலாம் ஜார்ஜ் காப்புரிமை கொடுத்தார், அவருடைய கணவர் தாமஸ் மாஸ்டர்ஸ் பெயருக்கு. இது அவர் மனைவி சிபில்லா கண்டுபிடித்தது என்று அந்த ஆவணமே சொல்கிறது, உரிமை மட்டும் கணவருக்கு. அமெரிக்காவில் மணமான பெண்களுக்குச் சொத்துரிமை தரும் சட்டங்கள் மாநிலம் மாநிலமாக 1839-க்குப் பிறகுதான் வரத் தொடங்கின. அதற்கு முன்னால் எத்தனை சிபில்லாக்கள், ஆவணத்தில் ஒரு வரி கூடக் கிடைக்காமல் போயிருப்பார்கள்?

சட்டம் மாறிய பிறகும் கதை முடியவில்லை. எலன் எக்லின் என்ற கறுப்பினப் பெண் வாஷிங்டனில் இருந்தார். துவைத்த துணியை இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டுப் பிழியும் சாதனம் ஒன்றை உருவாக்கினார். 1888-இல் அதன் உரிமையை ஒரு முகவருக்கு 18 டாலருக்கு விற்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம்: ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரில் காப்புரிமை இருப்பது தெரிந்தால் வெள்ளைக்காரப் பெண்கள் அதை வாங்க மாட்டார்கள். அந்தச் சாதனத்தால் காசு பார்த்தவர் அவர் இல்லை.

எக்லின் கதை நமக்கு எப்படிக் கிடைத்தது? சார்லட் ஸ்மித் என்ற தொழிலாளர் உரிமைப் போராளி 1891-இல் பெண் கண்டுபிடிப்பாளர்களுக்காகவே நடத்திய இதழில் அது பதிவானது. பட்டியல்களின் வரலாறும் இதே ஸ்மித்தோடு சம்பந்தப்பட்டது. பெண்களின் காப்புரிமைகளைத் தொகுத்து வெளியிட வேண்டும் என்று அரசை நச்சரித்தவர் அவர். 1790 முதல் 1888 ஜூலை வரையிலான பெண்களின் காப்புரிமைகளை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஒரு பட்டியலாக வெளியிட்டது. ஒரு வகையில் நம் வாட்ஸ்அப் பட்டியலுக்குப் பாட்டி அதுதான்.

அந்தப் பாட்டிப் பட்டியலிலும் ஓட்டை. நூறு வருஷம் கழித்து ஆட்டம் ஸ்டான்லி என்ற ஆய்வாளர் அதை மூல ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, எத்தனையோ பெண்கள் விடுபட்டிருப்பதைக் காட்டினார். 1987-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பில் காப்புரிமை அலுவலக எழுத்தரை, மேடையில் பெண்ணை மறைய வைக்கும் மாயாஜாலக்காரர் என்றே குறிப்பிட்டார். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும்போது, பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டவர் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் பட்டியலே வேண்டாமா?

இப்படிச் சொல்வதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. "மேடையில் பேசும் பிள்ளைக்கு ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. உள் தையல், வெளித் தையல் எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? பெண்ணும் கண்டுபிடிப்பாளராக முடியும்னு தெரிஞ்சா போதாதா?"

பட்டியல் வேண்டும்தான். சார்லட் ஸ்மித்துக்கு அது ஆயுதமாக இருந்தது. பெண்ணுக்கு இயந்திர அறிவு கிடையாது என்று சொன்னவர்கள் முன்னால் பெயர், தேதி, எண் என்று அடுக்கிக் காட்ட அது தேவைப்பட்டது. இன்றும் தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன.

ஆனால் ரெண்டு நிமிஷம் போதாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "காகிதப் பையைக் கண்டுபிடித்தார்" என்று கேட்கும் குழந்தைக்கு, மேதை ஒருவருக்கு எங்கிருந்தோ மின்னல் மாதிரி யோசனை வந்தது என்றுதான் புரியும். தனக்கு மின்னல் வரவில்லையே என்று அது பேசாமல் இருந்துவிடும். "பை நிற்கவில்லை, அடிப்பாகத்தைக் கையால் மடிக்க வேண்டியிருந்தது, அதை இயந்திரம் செய்யும்படி யோசித்தார்" என்று கேட்கும் குழந்தை, கையில் இருக்கும் பையைத் திருப்பிப் பார்க்கும். இதற்கு ஆகும் நேரம் அதேதான்.

ஒரு பொருளைப் பற்றி எழுதும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். இதற்கு முன் என்ன இருந்தது? அதில் இவர் மாற்றியது எது? அதனால் வந்த பணம் யாருக்குப் போனது? இந்த மூன்றையும் வைத்துப் பட்டியலை நானே திருத்தி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சில வரிகள்தான்.

மேரி பாட்ஸ், அயோவா, 1871, எண் 113448. அந்தக் கால இஸ்திரிப் பெட்டி முழு இரும்பு, நம் ஊர்க் கரிப்பெட்டி போல உள்ளே நெருப்பு கிடையாது. அடுப்பின்மேல் வைத்துத்தான் சூடாக்க வேண்டும், கைப்பிடியும் சேர்ந்து சுடும். கழற்றி மாட்டும்படியான கைப்பிடியை இவர் கொண்டுவந்தார். அடுப்பில் இரும்புகள் காய்ந்துகொண்டிருக்க, சூடு தணிந்ததை வைத்துவிட்டு அதே பிடியை அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம், கை சுடாது.

சாரா கூட், சிகாகோ, 1885, எண் 322177. மடக்குக் கட்டில் முன்பே உண்டு. மேசை போலத் தோன்றும் அலமாரிக்குள் மடங்கும் கட்டிலை இவர் வடிவமைத்தார். பகலில் மேசை, ராத்திரி கட்டில். மரச்சாமான் கடை நடத்தியவர், சின்ன வீட்டுக்காரர்களின் இடநெருக்கடியை நேரில் அறிந்தவர்.

சாரா பூன், நியூ ஹேவன், 1892, எண் 473653. இஸ்திரிப் பலகை முன்பே உண்டு. அதில் வளைந்த சட்டைக் கை உட்காராது. உட்காரும்படி பலகையையே வளைத்தார் ஒரு தையல்காரி.

மேரி ஆண்டர்சன், அலபாமா, 1903, எண் 743801. நியூயார்க் டிராமில் பனி கொட்டும்போது ஓட்டுநர் பாதை தெரிய முன் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. உள்ளிருந்தபடியே ஒரு நெம்புகோலை இழுத்தால் வெளியே ரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்கும்படி செய்தார். 1905-இல் ஒரு கனடா நிறுவனம் இதில் வியாபார மதிப்பு இல்லை என்று எழுதி அனுப்பியது. 17 வருஷக் கெடு 1920-இல் முடிந்தது. அதற்கப்புறம்தான் வைப்பர் எல்லாக் கார்களிலும் வந்தது, அவருக்குக் காலணா வரவில்லை.

எலன் எக்லின், வாஷிங்டன், 1888. துணி பிழியும் உருளை. அவர் பெயரில் எண் கிடையாது. கிடைத்தது 18 டாலர்.

மேலே கொடுத்திருக்கும் எண்களைக் கூகுள் பேட்டன்ட்ஸ் பக்கத்தில் போட்டால் மூல ஆவணம் படத்தோடு இலவசமாகவே கிடைக்கும், எண்ணுக்கு முன்னால் யுஎஸ் என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலம்தான், ஆனாலும் படம் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். பூனின் பலகையிலிருந்து தொடங்குங்கள். அடுத்த மார்ச்சில் அந்தப் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது, அனுப்பியவருக்கு அந்தப் படத்தைப் பதிலாக அனுப்பிவையுங்கள்.